கப்பலேறிய பள்ளிக்கூடப் பாட்டு

முன்னுரை

எர்ணாகுளம் பிராட்வேயை அறியாத கொச்சித் தமிழர் இருக்க மாட்டார். குடை, நோட்டுப் புத்தகம், கிறிஸ்துமஸ் நட்சத்திரம், கல்யாணப் புடவை, மல்லி, மிளகு என்று எது வேண்டுமானாலும் மட்டாஞ்சேரியிலிருந்தோ ஃபோர்ட் கொச்சியிலிருந்தோ படகேறி, ஜெட்டியில் இறங்கி, நடையாக பிராட்வேக்குள் நுழைந்துவிட்டால் போதும். பேரம் பேசத் தெரிந்தவன் பிழைத்துக்கொள்வான். நான் படித்த பள்ளி அந்தத் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம்.

அந்தப் பள்ளியில் ஒரு பாடகர் குழு உண்டு. வயலின், கிளாரினெட், டிரம்பெட், டிரம் எல்லாம் சேர்ந்த ஒரு வாத்தியக் குழுவும் உண்டு. 1971 கோடை விடுமுறையில் இரண்டு குழுவும் சேர்ந்து கொழும்புக்குப் போய்க் கச்சேரி செய்வதாக ஏற்பாடு. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயசு. இரண்டாம் குரல் பாடுகிற பையன்களில் நானும் ஒருத்தன். வெளிநாடு போகப் போகிறோம் என்றதும் எங்களுக்குத் தூக்கமே இல்லை.

நிகழ்ச்சி நிரலில் பத்துப் பாட்டு. ஒன்பது ஆங்கிலம், ஒன்று லத்தீன். ஒருநாள் ஒத்திகை முடிந்ததும் பாட்டு மாஸ்டருக்கு என்ன தோன்றியதோ, "நம்ம ஊர்ப் பாட்டு ஒன்றுகூட இல்லையே" என்று சொல்லி, ஒவ்வொருவரிடமும் வீட்டில் பெரியவர்கள் பாடும் பாட்டு உண்டா என்று கேட்டுக்கொண்டே வந்தார். கொங்கணிப் பையன் ஒரு பாட்டுச் சொன்னான். வைப்பின் கரைப் பையன் ஒரு வள்ளப்பாட்டுச் சொன்னான். என் முறை வந்தது.

"நின்டெ வீட்டில் அம்மூம்ம பாடுன்ன பாட்டு ஒண்ணுமில்லேடா?"

"இல்ல மாஷே" என்றேன்.

பச்சைப் பொய். ஃபோர்ட் கொச்சி வெளி மைதானத்துப் பக்கம் துணி வெளுக்கிற தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் உடுப்பு வெளுக்க எங்கள் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்டார்கள் என்பது எங்களுக்குள் வழிவழியாக வரும் செய்தி. இப்போது நீங்கள் காணும் தோபிக்கானா 1976இல் கட்டப்பட்டது. அதற்கு முன்னே குளக்கரைதான். விடியற்காலையில் என் ஆச்சி கல்லில் துணியை ஓங்கி அறைவாள். அறை விழுகிற இடம்தான் தாளம். மூச்சு விடுகிற 'உஸ்ஸ்' இடைவெளி. அதற்கு மேலே பாட்டு. பக்கத்துக் கல்லில் இருப்பவள் அடுத்த அடியை எடுப்பாள். பத்துக் கல்லுக்கும் பாட்டுப் போய்த் திரும்பி வரும்.

மாஸ்டர் கேட்ட விஷயத்தை வீட்டில் சொன்னபோது ஆச்சிக்கு ஏக சந்தோஷம். "நம்ம பாட்டு ஒண்ணு சொல்லிக் குடுலே, கப்பல்ல போகட்டும்" என்றாள். "அது துணி தோய்க்கிற பாட்டு ஆச்சி. அதையெல்லாம் மேடையில பாட முடியாது" என்றேன். அவள் பதில் பேசவில்லை. இஸ்திரிப் பெட்டியில் கரி அள்ளிப் போடப் போய்விட்டாள்.

அந்த ஏப்ரலில் இலங்கையில் ஜனதா விமுக்தி பெரமுனையின் கிளர்ச்சி வெடித்தது. நாடெங்கும் அவசரநிலை. எங்கள் பயணம் நின்றுபோனது. நான் சொன்ன பொய் மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. பள்ளிப் பிள்ளைகள் பாட்டை எடுத்துக்கொண்டு கடல் கடந்த கதைகளை நான் பின்னாளில் தேடித் தேடிப் படித்ததற்கு அதுதான் காரணம். படித்தவற்றில் இரண்டு பயணங்களை இம்மலரின் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். ஒன்று அமெரிக்காவிலிருந்து புறப்பட்டது. மற்றது வங்காளத்திலிருந்து நம் பக்கத்து இலங்கைக்கு வந்தது. ஏன் சொல்கிறேன் என்பது கடைசியில் விளங்கும்.

விலங்கை விற்று வாங்கிய பாடப்புத்தகம்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நாஷ்வில் என்றொரு நகரம். அங்கேயும் பிராட்வே என்று ஒரு தெரு உண்டு. இன்று அது பாட்டுக்குப் பேர்போன தெரு. உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமை முறை ஒழிந்த மறு ஆண்டு, 1866 ஜனவரியில், அந்நகரில் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. கிளின்டன் ஃபிஸ்க் என்ற படைத்தளபதியின் பெயரால் ஃபிஸ்க் பள்ளி என்று அழைக்கப்பட்டது. படைமருத்துவமனையாக இருந்த பழைய மரக்கொட்டகைகளே வகுப்பறை. நேற்றுவரை எழுத்துப் படித்தால் தண்டனை என்றிருந்த மக்கள், சிறியவரும் பெரியவருமாக வந்து சேர்ந்தார்கள். நகரில் அடிமைகளை அடைத்து விற்ற கொட்டடியில் கிடந்த துருப்பிடித்த விலங்குகளைப் பழைய இரும்பாக விற்று, அந்தக் காசில் எழுத்துப் பாடப் புத்தகம் வாங்கினார்கள் என்று அப்பள்ளியின் வரலாறு கூறுகிறது. இந்த ஒரு செய்தியைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது உண்டு.

1867இல் அது பல்கலைக்கழகமாகப் பதிவு பெற்றது. பெயர்தான் பல்கலைக்கழகம், கையில் காசில்லை. 1871 வாக்கில் கொட்டகை ஒழுகியது, கடன் ஏறியது, மூடிவிடலாமா என்ற பேச்சும் வந்துவிட்டது. அங்கே பொருளாளராகவும் இசையாசிரியராகவும் இருந்தவர் ஜார்ஜ் ஒயிட் என்ற வெள்ளையர். நன்றாகப் பாடும் மாணவர்களை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகக் கச்சேரி செய்து பணம் திரட்டலாம் என்றார். பலர் சிரித்தார்கள். அவர் கேட்கவில்லை. 1871 அக்டோபர் 6ஆம் நாள் ஒன்பது பேரோடு புறப்பட்டார். அவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாகவே பிறந்தவர்கள். பியானோ வாசித்துக் குழுவைப் பயிற்றுவித்தவர் எல்லா ஷெப்பர்டு என்னும் இளம்பெண். அவரும் அடிமையாகப் பிறந்தவரே. தகப்பனார் விலை கொடுத்து மீட்ட பிள்ளை. அக்டோபர் 6ஐ இன்றைக்கும் ஃபிஸ்க் பல்கலைக்கழகம் விழாவாகக் கொண்டாடுகிறது.

அவர்கள் புறப்பட்ட சில நாளில் சிகாகோ நகரம் பெருந்தீயில் எரிந்தது. கச்சேரியில் முதன்முதல் கையில் கிடைத்த சிறு தொகையை இந்தப் பிள்ளைகள் சிகாகோ நிவாரணத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். தங்கள் பள்ளி மூழ்கிக்கொண்டிருக்கும்போது செய்த காரியம் இது.

மூடிய கதவுக்குள் பாடிய பாட்டு

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் தொடங்குகிறது. இந்தக் குழு முதலில் மேடையில் பாடியது எதை? அக்காலத்து வெள்ளையர் வீட்டுக் கூடங்களில் பாடப்பட்ட பாட்டுகள், நாட்டுப்பற்றுப் பாட்டுகள், கதைப்பாடல்கள். 'எங்களுக்கும் உங்கள் பாட்டு வரும், பாருங்கள்' என்று காட்டுகிற நிகழ்ச்சி. குரல் சுத்தமாக இருந்தது. ஆனால் கூட்டம் சேரவில்லை. தட்டில் விழுந்த காசு வண்டிச் செலவுக்கும் போதவில்லை. கறுப்பினத்தவர் என்பதால் விடுதிகளில் இடமும் மறுக்கப்பட்டது.

அவர்களிடம் வேறொரு பாட்டும் இருந்தது. பருத்திக் காட்டிலும் அடிமைக் குடிசையிலும் அப்பன் ஆத்தாள் பாடிய பக்திப் பாட்டு. ஸ்பிரிச்சுவல் என்று பின்னாளில் உலகம் அழைத்தது. எழுதி வைக்காத பாட்டு. ஒருவர் ஓர் அடி எடுக்க, மற்றவர்கள் சேர்ந்து திருப்பிச் சொல்வது. அதில் சிலவற்றுக்கு உள்ளர்த்தம் உண்டு என்பர். இயேசுவிடம் போவோம் என்று பாடினால், இன்றிரவு காட்டில் கூடுவோம் அல்லது தப்பி ஓடுவோம் என்று கேட்பவனுக்குப் புரியும். இந்தப் பாட்டுகளை மேடையில் பாடுவது என்ற நினைப்பே தங்களுக்கு இருந்ததில்லை என்று எல்லா ஷெப்பர்டு பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அவை அடிமை வாழ்வோடும் இருண்ட நாட்களோடும் ஒட்டியவை, மறக்க வேண்டியவை. அதே சமயம் பெற்றோர் வழிபாட்டில் பாடியதால் புனிதமானவை, வெளியார் முன்னே எடுத்துக் காட்டத் தகாதவை. இரண்டு எண்ணமும் சேர்ந்தே இருந்தன. பள்ளியில் கதவை மூடிக்கொண்டு மெல்லிய குரலில் தங்களுக்குள் பாடுவார்களாம். ஒயிட் அதைக் கேட்டுக் கேட்டு ஆர்வம் கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக நிகழ்ச்சியில் சேர்க்கச் செய்தார்.

வாசகர்கள் ஒரு நிமிஷம் இங்கே நிற்க வேண்டும். வெட்கமும் பக்தியும் ஒரே பாட்டின் மேல் இருக்க முடியுமா? முடியும். ஆச்சியின் பாட்டை நான் மறைத்தது வெட்கத்தால் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். ஷெப்பர்டு எழுதியதைப் படித்த பிறகுதான், மற்ற பையன்கள் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டால் தாங்க முடியாது என்ற பயமும் அதில் இருந்தது தெரிந்தது. மதிப்பில்லாத பொருளை யாரும் அப்படிப் பொத்தி வைப்பதில்லை.

1871 நவம்பரில் ஓஹையோ மாநிலத்து ஓபர்லின் நகரில் திருச்சபைத் தலைவர்களின் மாநாடு நடந்தது. இவர்களுக்குப் பாட அனுமதி கிடைத்தது. அங்கே அடிமைப் பாட்டைப் பாடினார்கள். பேசிக்கொண்டிருந்த கூட்டம் வாயடைத்துப் போயிற்று. அதன் பிறகு அழைப்புகள் வரத் தொடங்கின. விவிலியத்தில் ஐம்பதாவது ஆண்டு விடுதலை ஆண்டு. அன்று அடிமைகள் வீடு திரும்புவர். அதை நினைத்து ஒயிட் குழுவுக்கு 'ஜூபிலி பாடகர்கள்' என்று பெயர் வைத்தார். டிசம்பரில் புரூக்ளினில் பெயர்பெற்ற போதகர் ஹென்றி வார்டு பீச்சரின் ஆலயத்தில் பாடினார்கள். 1872இல் குடியரசுத் தலைவர் கிராண்ட் முன்னிலையில் வெள்ளை மாளிகையில் பாடினார்கள். முதல் சுற்றிலேயே 20,000 டாலர் சேர்ந்தது. பள்ளிக்கு 25 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். தியோடர் சீவர்டு என்பவர் பாட்டுகளை ஸ்வரப்படுத்தி அந்த ஆண்டே புத்தகமாக்கினார்.

அரசியின் முன்னே

1873 வசந்தத்தில் குழு இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. ஷாஃப்ட்ஸ்பரி பிரபு அவர்களை லண்டன் பெரியவர்களுக்கு அறிமுகம் செய்தார். அடுத்து ஆர்கைல் கோமகன் வீட்டில் பாடச் சென்றபோது விக்டோரியா அரசியே வந்து கேட்டார். இந்த ஆர்கைல் கோமகன் யார் தெரியுமா? அப்போது பிரிட்டிஷ் அமைச்சரவையில் இந்தியாவுக்குப் பொறுப்பான அமைச்சர். நம் நாட்டுக் கோப்புகள் போய்ச் சேர்ந்த கையெழுத்துக்காரரின் வீட்டுக் கூடத்தில் அமெரிக்க அடிமைகளின் பிள்ளைகள் தங்கள் பெற்றோரின் பாட்டைப் பாடினார்கள். பிரதமர் கிளாட்ஸ்டனும் விருந்தளித்தார். ஓவியர் எட்மண்ட் ஹேவல் குழுவைப் பெரிய படமாகத் தீட்டினார். ஏறத்தாழ 50,000 டாலரோடு அவர்கள் ஊர் திரும்பினார்கள். அந்தப் பணத்தில் எழுந்த கட்டடம் ஜூபிலி மண்டபம். 1876 ஜனவரி 1இல் திறக்கப்பட்டது, இன்றும் நிற்கிறது. அங்கே படித்த டு பாய்ஸ் என்ற பேரறிஞர் 1903இல் வெளியிட்ட தமது புகழ்பெற்ற நூலின் கடைசி அத்தியாயத்தை இந்தப் பாட்டுகளுக்கே ஒதுக்கினார்.

வெற்றிக்கதை இத்தோடு முடிந்தால் நல்லாயிருக்கும். ஆனால் விலையையும் சொல்ல வேண்டும். அடுத்த ஐரோப்பியப் பயணம் 1875இல் தொடங்கி பிரிட்டன், ஹாலந்து, ஜெர்மனி என்று 1878 வரை நீண்டது. ஓய்வில்லை. குளிர், இருமல், தொண்டைக் கட்டு. முதல் ஒன்பது பேரில் ஒருவரான பெஞ்சமின் ஹோம்ஸ் 1875இல் காசநோயால் இறந்தார். ஒயிட்டின் உடம்பும் நொறுங்கியது. பல்கலைக்கழகத்தைக் காப்பாற்றப் போன மாணவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்தின் வகுப்புகளை விட்டுவிட்டுத்தான் போனார்கள். மற்றவர்கள் படிப்பதற்காகத் தங்கள் படிப்பை இழந்தார்கள். 1878இல் பல்கலைக்கழகம் குழுவைக் கலைத்தது. ஐசக் டிக்கர்சனும் தாமஸ் ரட்லிங்கும் இங்கிலாந்திலேயே வாழ்ந்து, அங்கேயே மண்ணானார்கள். புலம்பெயர்ந்த சங்கத்தார் நமக்கு அது புரியும்.

குழுவில் பின்னால் சேர்ந்த ஃபிரெடரிக் லவுடின் என்பவர் தம் சொந்தப் பொறுப்பில் பாடகர்களைத் திரட்டி 1884இல் உலகப் பயணம் புறப்பட்டார். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து முடித்து இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்தார்கள். தாஜ்மகாலின் கூடத்துக்குள் நின்று பாடினார்கள். பருத்திக் காட்டுப் பாட்டு ஷாஜகானின் பளிங்குக் கூரையில் எதிரொலித்ததை நினைத்துப் பாருங்கள். 1890இல் அமெரிக்கா திரும்பினார்கள்.

சாந்திநிகேதனத்திலிருந்து கொழும்புக்கு

இனி நம் பக்கத்துக் கதை. கவி ரவீந்திரநாத் தாகூர் 1901இல் ஐந்தே மாணவரோடு சாந்திநிகேதனத்தில் பள்ளி தொடங்கினார். 1921இல் அது விசுவபாரதி ஆயிற்று. நோபல் பரிசு பெற்றவர் நடத்தும் நிறுவனம் என்றாலும் பணமுடை தீரவில்லை. நிதி திரட்டத் தாகூர் ஊர் ஊராக அலைந்தார். 1922 நவம்பரில் நம் மலையாளக் கரைக்கும் வந்தார். சிவகிரியில் நாராயண குருவைச் சந்தித்ததும் ஆலுவா கல்லூரிக்குச் சென்றதும் அப்போதுதான். முதலில் சொற்பொழிவு. பிறகு மாணவர்களின் பாட்டும் ஆட்டமும் சேர்ந்த மேடை நிகழ்ச்சி.

1934 மே மாதம் தாகூர் மாணவ மாணவியர் குழுவோடு இலங்கைக்குப் போனார். ஓவியர் நந்தலால் போஸ், பாடகர் சாந்திதேவ் கோஷ் ஆகியோரும் உடன் சென்றனர். பாடகர் வரிசை, எஸ்ராஜ் முதலான வாத்தியங்கள், ஆடுவோர் எல்லாம் சேர்ந்த பள்ளிக் கலைக்குழு அது. எங்கள் பள்ளி கொழும்புக்குப் போக ஆசைப்பட்டதற்கு 37 ஆண்டு முந்தியே ஒரு பள்ளி போய்விட்டது. கொழும்பில் அவர்கள் நடத்தியது 'சாபமோசன்' என்னும் இசை நாட்டிய நாடகம். பல ஊர்கள் சென்று, கடைசியில் யாழ்ப்பாணத்துக்கும் போனார்கள். நல்ல குடும்பத்துப் பெண்கள் மேடையேறி ஆடுவது பழிச்சொல்லுக்கு இடமாக இருந்த காலம். ஒரு கவிஞர் தாமே மேடையோரம் அமர்ந்திருக்க, மாணவியர் ஆடினார்கள் என்பதே பெரிய செய்தி.

கொழும்பில் அன்று படித்த வர்க்கம் எப்படி இருந்தது? கோட்டும் சூட்டும், வீட்டில் பியானோ, பிள்ளைகளுக்கு லண்டன் இசைத் தேர்வு. கண்டி ஆட்டமும் கிராமத்துப் பாட்டும் கூலிக்குச் செய்வோரின் வேலை என்ற எண்ணம். அப்படிப்பட்ட சபையில் ஆசியக் கவி ஒருவர் தம் மண்ணின் மெட்டில் தம் மாணவரைப் பாட வைத்தார். பார்த்தவர்களுக்கு ஒரு கேள்வி எழுந்தது: அப்படியானால் நம்முடையது எங்கே? அதே மாதம் ஹொரணையில் வில்மட் பெரேரா என்பவர் அமைத்த ஸ்ரீபாலி கல்விச்சாலைக்குத் தாகூர் அடிக்கல் நாட்டினார். ஆனந்த சமரக்கோன் 1936இல் சாந்திநிகேதனம் போய்ப் பயின்றார். பின்னாளில் இலங்கைத் தேசிய கீதமான பாட்டை 1940இல் இயற்றியவர் அவர்தாம். அதன் தமிழ் வடிவத்தைத் தந்தவர் பண்டிதர் மு. நல்லதம்பி. சிங்கள நாடகத்தின் முதல்வர் எதிரிவீர சரச்சந்திர, நடனக் கலைஞர் சித்திரசேன, பாடகர் சுனில் சாந்த ஆகியோரும் அந்த வழியே சாந்திநிகேதனம் போனவர்கள். கொடுத்தது மட்டுமா? சாந்திதேவ் கோஷ் கண்டி நடனத்தைக் கற்று அதைச் சாந்திநிகேதனத்துக்குக் கொண்டுபோனார். மாணவர் கச்சேரிக்குப் போன இடத்தில் கொள்வினையும் கொடுப்பினையும் நடந்தன.

இதற்கும் ஒரு விலை உண்டு. 1936இல், எழுபத்தைந்தை நெருங்கும் வயதில், தாகூர் நாடகக்குழுவோடு வடநாட்டில் சுற்றிக்கொண்டிருந்தார். டெல்லியில் அவரைச் சந்தித்த காந்தியடிகளுக்கு மனம் பொறுக்கவில்லை. 60,000 ரூபாய்க்கு ஏற்பாடு செய்து கொடுத்து, இந்த அலைச்சலை நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். பள்ளிக்காகக் கிழவர் ஒருவர் மேடை மேடையாக ஏறிய காலம் அப்படி முடிந்தது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்

ஒன்று கறுப்பின மாணவரின் கதை. மற்றது கவியரசரின் கதை. இரண்டிலும் பயணத்தின் காரணம் பணம்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பணம் வந்த வழியைக் கவனிக்க வேண்டும். ஃபிஸ்க் மாணவர்கள் அடுத்தவர் பாட்டை எவ்வளவு நன்றாகப் பாடினாலும் ஊர் திரும்பிப் பார்க்கவில்லை. கதவை மூடிக்கொண்டு பாடியதைத் திறந்து பாடியபோதுதான் மண்டபம் எழுந்தது. கொழும்புச் சபையாரோ, வந்தவர்களின் பாட்டைக் கேட்டுவிட்டுத் தங்கள் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார்கள். முந்தியதில் பாடியவர்கள் கற்றுக்கொண்டார்கள். பிந்தியதில் கேட்டவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

நம் கொச்சியிலேயே இதற்குச் சான்று உண்டு. 1969இல் எர்ணாகுளத்தில் ஃபாதர் ஆபேல் தொடங்கிய கலாபவனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மிமிக்ரிக்கும் கானமேளைக்கும் பெயர்பெற்று, கடல் கடந்தும் நிகழ்ச்சி நடத்திய நிறுவனம். அது முளைத்த இடம் பக்திப் பாட்டு. சுறியானியில் இருந்த ஆலய வழிபாடு மலையாளத்துக்கு மாறிய 1960களில், சாதாரண ஜனம் பாடக்கூடிய மலையாளத்தில் பாட்டு எழுதியவர் அவர். புரியாத மொழியில் பயபக்தியோடு நின்றவர்கள் தங்கள் மொழியில் வாய்திறந்து பாடினார்கள். நான் மாஸ்டரிடம் பொய் சொன்ன அதே காலத்தில், இதே ஊரில் இது நடந்துகொண்டிருந்தது.

ஒரு எச்சரிக்கையையும் மறக்கக் கூடாது. பாட்டு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அதைச் சுமந்து போவது பிள்ளைகளின் தொண்டை. ஹோம்ஸின் மரணமும் பாதியில் நின்ற படிப்புகளும் நமக்குப் பாடம். பரீட்சைக் காலத்தில் பயணம் வைப்பது, ஒரே நாளில் இரண்டு ஊர் வைப்பது, காய்ச்சலோடு மேடையேற்றுவது எல்லாம் எந்த நல்ல காரியத்துக்காகவும் செய்யத் தகாதவை.

முடிவுரை: நம் பட்டியல்

இவ்வளவும் எழுதக் காரணம் இதுதான். நம் சங்கத்துச் சிறுவர் பாட்டுக் குழுவுக்கு வெளிநாட்டுத் தமிழர்களிடமிருந்து ஓர் அழைப்பு வந்திருப்பதை அன்பர்கள் அறிவீர்கள். பாட்டுப் பட்டியல் முடிவு செய்யப் பிராட்வேக்குப் பின்னால் ஒரு மாடியறையில் செயற்குழு கூடியது. பன்னிரண்டு பாட்டில் பத்து சினிமாப் பாட்டு. நான் சினிமாப் பாட்டுக்கு விரோதி அல்லன். கேட்டால் நானே நாலு பாடுவேன். ஆனால் அந்தப் பத்தும் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அங்குள்ள பிள்ளைகள் நம் பிள்ளைகளை விட நன்றாகவே பாடுவார்கள். கொச்சியிலிருந்து போகும் தமிழ்ப் பிள்ளைகள் மட்டுமே கொண்டுபோகக்கூடியது என்ன?

கூட்டம் முடியும்போது, வெளியிலிருந்து வரும் ஒரு சிறுமி, ஐந்தாம் வகுப்பு இருக்கும், எழுந்து, "எங்க பாட்டி துணி காயப்போடும்போது ஒரு பாட்டுப் பாடுவாங்க, அதைச் சேர்க்கலாமா மாமா?" என்று கேட்டாள். ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. எனக்குத் தெரிந்த அதே மௌனம். "பார்க்கலாம்மா" என்று யாரோ சொன்னார்கள். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும், உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பெண்ணுக்கு நான் பன்னிரண்டு வயதில் இல்லாத தைரியம் இருந்தது. என் ஆச்சி 1978இல் காலமானாள். அவள் பாட்டில் எனக்கு இன்று மிஞ்சியது இரண்டு அடி மெட்டு. சொல் இல்லை. எத்தனையோ இராத்திரி யோசித்தும் வரவில்லை. அவளோடு கல்லில் நின்றவர்களில் யாரும் இப்போது உயிரோடு இல்லை.

ஆகவே, பட்டியல் இறுதியாகும் முன் ஒரு வேண்டுகோள். நம்மில் எழுபது வயது கடந்த அம்மாக்கள், ஆச்சிகள், அப்பாயிகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். வெளியில் துணி வெளுத்தவர்கள், மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளில் இஞ்சியும் மிளகும் புடைத்தவர்கள், மூட்டை தூக்கியவர்கள், அக்கிரகாரத்தில் ஊஞ்சல் பாட்டுப் பாடியவர்கள், எல்லோரும் சேர்ந்ததுதான் கொச்சித் தமிழர். அவர்களிடம் போய் உட்கார்ந்து, செல்பேசியில் பதிவு செய்து, சொல்லை எழுதி வாங்கி வாருங்கள். அந்தச் சிறுமியின் பாட்டி பாட்டைப் பட்டியலில் முதலாவதாக வைக்க வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் நான் முறைப்படி முன்மொழியப் போகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.

என்னிடம் உள்ள இரண்டு அடி மெட்டையும் குழுவுக்குக் கொடுத்துவிடுகிறேன். கல்லில் அறை விழும் இடத்தை மட்டும் நானே தாளம் போட்டுக் காட்ட வேண்டும். அதற்குச் சொல் தெரிந்தவர் யாராவது இந்த மலரைப் படித்தால், தயவுசெய்து சொல்லி அனுப்புங்கள்.